ஒரு மயிரிழை வளைவு

செகி ஊரில் தொகுஜியைத் தெரியாதவர் கிடையாது. வேலையால் வந்த பேர் அல்ல அது, காலால் வந்த பேர். ஓரிடத்தில் கால் தரிக்காத மனுஷர். காலையில் தபால் நிலையத்து முன்னால் அவரைப் பார்த்தவர்கள் கால் மணி நேரத்தில் மீன்கடையில் பார்ப்பார்கள். அங்கிருந்து சவரக்கத்தி ஆலை வாசல், அங்கிருந்து நகாரா ஆற்றங்கரை. எங்கே போனாலும் சைக்கிளை விட்டு இறங்க மாட்டார். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நாலு வார்த்தை பேசிவிட்டு அடுத்த இடத்துக்கு மிதிப்பார். இப்படிப்பட்டவருக்கு வாய்த்த தொழிலோ, நாள் முழுக்க உட்கார்ந்தே செய்ய வேண்டியது. வாளுக்கு மெருகு போடுவது.

சாய்வான ஒரு முக்காலியில் குந்தி, வலது காலால் ஒரு வளைந்த கட்டையை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கட்டைதான் கல்லை அசையாமல் பிடித்திருக்கும். காலை எடுத்தால் கல் நழுவும். எழுந்து போய்விட்டு வந்தால் கை, கால், கல், பலகை எல்லாவற்றையும் கழுவிவிட்டுத்தான் மறுபடி உட்காரலாம். முரட்டுக் கல்லின் ஒரே ஒரு துகள் நுண்கல்லின் மேல் வந்து ஒட்டினாலும் போச்சு, இரண்டு வாரத்து வேலையில் கீறல் விழுந்துவிடும். தொகுஜி ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை எழுந்திருப்பார். பதினைந்து தடவையும் கழுவுவார்.

"கிணறே ஒருநாள் உங்ககிட்ட வந்து கையெடுத்துக் கும்பிடப்போகுது" என்பாள் கினுயோ, அவர் மனைவி.

ஆனால் வேலை தெரிந்தவர்கள் யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. கடைசிக் கட்டத்தில் நகம் அளவுக்கு மெல்லிய கல்துண்டைக் கட்டைவிரலுக்கு அடியில் வைத்து வாளின் மேல் தேய்ப்பார்கள். அப்போது அவர் கையைப் பார்க்க வேண்டும். உடம்பு பூராவும் அலைகிற மனுஷருக்கு அந்த ஒரு கட்டைவிரல் மட்டும் சொன்னபடி கேட்கும். உறை கழற்றிய வாளுக்கு நேரே பேசக் கூடாது, எச்சில் தெறித்தால் துருப் பிடிக்கும் என்று எல்லா மெருகுக்காரர்களும் வாளைப் பார்க்கையில் ஒரு மடித்த காகிதத்தை உதட்டில் கவ்விக்கொள்வார்கள். தொகுஜி வேலை நேரம் முழுக்கவே கவ்விக்கொள்வார். இல்லாவிட்டால் அவருக்கு வாய் நிற்காது.

"கல்யாணத்தன்னிக்கே யாராவது அந்தக் காகிதத்தக் குடுத்திருந்தா எனக்குப் புண்ணியமாப் போயிருக்கும்" என்று கினுயோ அதற்கும் ஒன்று சொல்வாள். அவளுக்குச் சொல்ல உரிமை உண்டு. கொல்லன் வீட்டில் பிறந்து மெருகுக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள்.

அவள் தம்பி கென்சாகு வாள் செய்கிறவன். மலையடிவாரத்தில் பட்டறை. அக்காள் புருஷனுக்கு நேர் எதிர். கேட்ட கேள்விக்கு மறுநாள் பதில் சொல்கிற ஆள். தலைநகரில் வருஷா வருஷம் நடக்கும் போட்டிக்கு மூன்று வருஷமாக வாள் அனுப்பினான். மூன்று வருஷமும் பேர் வரவில்லை. இரும்பு நன்றாக இருக்கிறது, வடிவம் நன்றாக இருக்கிறது, ஆனால் வெட்டுவாய் ஓரத்து வெள்ளைக் கோட்டில் உயிர் இல்லை என்று ஒவ்வொரு வருஷமும் அதே தீர்ப்பு. வாளை மண் பூசிக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கும் அந்த ஒரு நொடியில் பிறக்கிற கோடு அது. புத்தாண்டு அன்று அக்காள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, "இந்த வருஷமும் பேர் வரலேன்னா உலைய அணைச்சுடறேன்க்கா" என்று சொல்லிவிட்டுச் சூப்பைக் குடித்தான். பேசாத மனுஷன் ஒரு வார்த்தை சொன்னால் அதைச் செய்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். அன்று அவள் சோறு சாப்பிடவில்லை.

எழுபத்தாறாம் வருஷம் ஜூன் மாதம் முதல் வாரத்தில் கென்சாகு ஒரு வாளைக் கொண்டுவந்தான்.

"தீய ஒரு நிறம் ஏத்தினேன் மாமா" என்றான். "இவ்ளோ நாளா பயந்துட்டே இருந்தேன். இந்தத் தடவ பழுத்த பெர்சிமன் பழத்தோட செம்மஞ்சள் நிறம் வர்ற வரைக்கும் விட்டேன்."

தொகுஜி ஒரு விரற்கடை அகலத்துக்கு மட்டும் தேய்த்துப் பார்த்தார். காகிதம் வாயிலிருந்து விழுந்துவிட்டது. வெள்ளைக் கோடு வாளோரம் மூடுபனி மாதிரி எழும்பி, இறங்கி, உள்ளே துகள் துகளாக மினுங்கியது. முப்பத்தைந்து வருஷத்தில் உயிரோடிருக்கும் ஒரு கொல்லனிடமிருந்து இப்படி ஒன்று அவர் கைக்கு வந்ததில்லை.

"மாப்ள" என்றார். கென்சாகு காதுவரை சிவந்து போனான்.

இப்போது தப்பு நடந்த கதைக்கு வருவோம். ஜூன் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை. காலையிலிருந்தே அடைமழை. முதல் கல் முடித்து வாளை முதுகுப் பக்கமாகத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது, பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு மயிரிழை அளவுக்கு இடப்பக்கம் வளைந்திருந்தது. முரட்டுக் கல்லில் தேய்த்ததும் புது வாள் கொஞ்சம் முறுக்கிக்கொள்வது உண்டு. அதற்கு அந்த ஊரில் ஒரு முறை வைத்திருந்தார்கள். உயிரோடு இருக்கிற கொல்லனின் வாளை மெருகுக்காரன் நிமிர்த்தக் கூடாது. எங்கே கடினம், எங்கே இளக்கம் என்று செய்தவனுக்குத்தான் தெரியும்; வாள் அவனிடம் திரும்பப் போக வேண்டும். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன கொல்லர்களின் வாள்களுக்கு மட்டும் மெருகுக்காரன் காடி வெட்டிய ஒரு கட்டையை வைத்திருப்பான். காடியில் வாளைச் செருகி நெம்பினால் நிமிரும்.

பட்டறைக்குச் சைக்கிளில் அரை மணி நேரம். மழை விடுகிற மாதிரி இல்லை. தொகுஜி எழுந்தார், கையைக் கழுவினார், வாசலுக்குப் போனார், வானத்தைப் பார்த்தார், உள்ளே வந்தார். மறுபடி வாசலுக்குப் போனார். ரேடியோவில் நகோயா பேஸ்பால் அணியின் பழைய ஆட்டத்தைப் பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தான். மழை விடுகிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கவே அவருக்கு உடம்பெல்லாம் அரித்தது. ஒரு மயிரிழைதானே. கட்டையை எடுத்தார், செருகினார், நெம்பினார்.

வாள் நிமிர்ந்துவிட்டது. நெம்பும்போது, சோற்றில் கல்லைக் கடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டதோ? ரேடியோவை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். மழைதான் ஓட்டின் மேல் தட்டிக்கொண்டிருந்தது. கூரையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். அன்றைக்கு அதற்குப் பிறகு எத்தனை தடவை எழுந்தார் என்று கினுயோகூடக் கணக்கு வைக்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து, நுண்கல்லில் தேய்த்து, கழுவி, துடைத்து வைத்தார். அந்த ஒரு சாண் தூரத்தில் மட்டும் ஈரம். மறுபடி துடைத்தார். மறுபடி அங்கேயே ஊசிமுனை அளவுக்குத் தண்ணீர் கசிந்து வந்து நின்றது. விளக்குக்கு அடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஒரு கோணத்தில் ஒன்றுமில்லை. இன்னொரு கோணத்தில், வெட்டுவாயிலிருந்து வெள்ளைக் கோட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஒரு விரிசல். தலைமுடியைவிட மெல்லியது. வாளுக்கு எந்தக் குறை வந்தாலும் பொறுப்பார்கள், வெட்டுவாயில் குறுக்கு விரிசல் விழுந்தால் அது வாளே இல்லை.

விரிசலை மறைக்கிற ஆள் இல்லை அவர். அன்றைக்கே வாளைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். விரிசலைக் காட்டினார். கட்டையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தார், ஆனால் அதற்குள் கென்சாகு முந்திக்கொண்டான்.

"என் தீதான்" என்றான்.

"மாப்ள..."

"பேராச மாமா. ஒரு நிறம் ஏத்தினேன் பாருங்க, அதான் வெடிச்சிருச்சு. தண்ணிக்குள்ள போனப்பவே வெடிச்சிருக்கும். எங்க அப்பா எத்தன தடவ சொல்லியிருப்பாரு, நிறத்த ஏத்தாதடா ஏத்தாதடான்னு."

அது நிஜமாகவே இருக்கலாமே என்று தொகுஜிக்குத் தோன்றியது. எத்தனையோ வாள் தண்ணீரில் வெடித்திருக்கிறது. தோய்ச்சலில் விழுந்த விரிசல்தான், தான் நெம்பியது அதன் மேல்தான் என்று இருக்கக் கூடாதா? இந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எப்போதும் அலைகிறவர்தான், இப்போது பேசாமல் அலைந்தார். தபால் நிலையம், மீன்கடை, ஆற்றங்கரை எல்லா இடத்திலும் சைக்கிள் நின்றது, ஒரு கால் ஊன்றியது, வார்த்தை வரவில்லை.

"உங்க வீட்டுக்காரருக்குத் தொண்ட கட்டிக்கிச்சா?" என்று மீன்கடைக்காரர் கினுயோவைக் கேட்டார். "நேத்து வந்து விலாங்கு மீனையே பாத்துட்டு நின்னாரு. பேச மாட்டாரான்னு மீனுக்கே பயமாப் போச்சு."

தொகுஜியை அரித்தது இரண்டு விஷயம். ஒன்று, கென்சாகு ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, தோற்றுப்போன வாள்களை உடைப்பான். உப்புத் தூவி, கும்பிட்டு, பட்டறைக்கல்லின் மேல் வைத்து ஒரே அடி. உடைத்துப் பார்த்தால் விரிசல் தன் வயதைச் சொல்லிவிடும். தண்ணீரில் விழுந்த விரிசல் என்றால், அதற்குப் பிறகு இன்னொரு தடவை சூடு காட்டும்போது உள்ளே கறுத்திருக்கும். நெம்பி விழுந்தது என்றால் புதுசாக, வெள்ளையாக இருக்கும். ஆக ஜூலை ஒன்றாம் தேதி எல்லாம் தெரிந்துவிடும்.

இந்தப் பயத்துக்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஜூன் இருபதாம் தேதி பட்டறைக்குப் போய், "மாப்ள, அந்த வாள உடைக்க வேணாம். எனக்குக் குடுத்துடு. புதுக் கல் வாங்கினா தேய்ச்சுப் பாக்க ஆவும்" என்றார்.

"எடுத்துக்குங்க மாமா" என்று கென்சாகு உடனே தூக்கிக் கொடுத்துவிட்டான். "எனக்கும் அதப் பாக்கப் பிடிக்கல."

வெட்கக்கேடு, அவ்வளவு சுலபமாக இருந்தது. வாளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு இறங்குகையில் அவருக்கு ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதி ஆற்றுப்பாலம் தாண்டும் வரைக்கும்கூட நிற்கவில்லை. ஏனென்றால் இரண்டாவது விஷயம் அப்படியே இருந்தது. கென்சாகு தோய்ச்சலுக்குத் தயாராக இன்னும் இரண்டு வாள் வைத்திருந்தான். செப்டம்பர் போட்டிக்கு அவற்றில் ஒன்று போயாக வேண்டும். இரண்டையும் பழைய தீயிலேயே, அந்தப் பயந்த நிறத்திலேயே காய்ச்சப்போவதாகச் சொல்லியிருந்தான்.

முதல் வாள் இருபத்தேழாம் தேதி வந்தது. கென்சாகு மெலிந்திருந்தான், தாடி மழிக்கவில்லை. அக்காள் வைத்த ஊறுகாயும் தேநீரும் அப்படியே ஆறின. தொகுஜி ஒரு விரற்கடை தேய்த்துப் பார்த்தார். கோடு இருந்தது, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி இருந்தது. கழுவிய தட்டைப் பார்த்தால்கூட அதைவிட ஏதாவது தெரியும்.

"இது வெடிக்கலல்ல?" என்றான் கென்சாகு.

"வெடிக்கல" என்றார் தொகுஜி, காகிதத்தை எடுத்துவிட்டு.

"அது போதும்." சிரிக்கப் பார்த்தான். "இன்னொண்ணையும் ஒண்ணாந் தேதி இப்படியே தோய்ச்சுடறேன். அப்புறம் நடக்கறது நடக்கட்டும்."

அவன் போன பிறகு தொகுஜி இரண்டு வாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உட்கார்ந்திருந்தார். உயிருள்ளதில் விரிசல். விரிசல் இல்லாததில் உயிர் இல்லை. இதை அனுப்பினால் நாலாவது தடவையும் பேர் வராது. அவன் உலையை அணைப்பான். கண்டுபிடித்த தீயை அவன் கையாலேயே தூக்கி எறிகிறான், அதுவும் நான் ஒரு மழைக்குச் சோம்பியதால் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. ஐம்பத்து நாலு வயசுக்காரர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போய்க் கையைக் கழுவினார்.

முப்பதாம் தேதி ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசி எடுக்கப்போன கினுயோ சமையல்கட்டிலிருந்து கேட்டாள். "ஏங்க, உங்க நெம்புற கட்டைய எதுக்கு அரிசிப் பானைக்குப் பின்னாடி சொருகி வெச்சிருக்கீங்க?"



அவள் வாசற்படியில் வந்து நின்றாள். கொல்லன் மகள், மெருகுக்காரன் மனைவி. அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்டல் எதுவும் வரவில்லை. அதுதான் அவருக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

"என் தம்பி சாப்புட்டு பத்து நாளாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

மறுநாள் காலை தொகுஜி விரிசல் வாளையும் கட்டையையும் ஒரே துணியில் சுற்றிச் சைக்கிளில் கட்டினார். வழியில் தபால் நிலையத்தில் நிற்கவில்லை, மீன்கடையில் நிற்கவில்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. மனசு அப்போதும் பேரம் பேசிக்கொண்டு வந்தது. முதலில் உடைக்கச் சொல். உள்ளே கறுப்பாக இருந்துவிட்டால் எதையும் சொல்லவே வேண்டாமே. வெள்ளையாக இருந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாமே. பாதி வழி வரைக்கும் அவர் அதற்குச் சம்மதித்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

பட்டறையில் கென்சாகு சன்னல் பலகைகளை அடைத்துக்கொண்டிருந்தான். தீயின் நிறம் தெரிய வேண்டுமென்றால் பகலிலும் இருட்டு வேண்டும். மண் பூசிய வாள் ஒரு மூலையில் காய்ந்து நின்றது. தொகுஜி துணியை அவிழ்த்து வாளைப் பட்டறைக்கல்லின் மேல் வைத்தார்.

"இத உடை மாப்ள."

"நீங்கதானே வேணும்னு..."

"உடைச்சு உள்ள பாரு."

கென்சாகு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு உப்பை எடுத்துத் தூவினான், கும்பிட்டான், சம்மட்டியைத் தூக்கினான். தொகுஜிக்குக் கால் வாசல் பக்கம் திரும்பியது. அலைந்து பழகிய கால், அதற்கு வேறென்ன தெரியும். அவர் அதைத் திருப்பி ஊன்றினார்.

"நில்லு! நில்லு மாப்ள, நான் சொல்றதக் கேட்டுட்டு அடி." துணியிலிருந்து கட்டையை எடுத்து வாளுக்குப் பக்கத்தில் வைத்தார். "ஒரு மயிரிழை வளஞ்சிருந்துச்சு. மழ பேஞ்சுது. இங்க வர்றதுக்குப் பொறுமையில்ல. நானே நெம்பிட்டேன். சத்தம் கேட்டுச்சு. கேக்கலன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அந்த எடத்துலதான் வெடிச்சிருக்கு."

உறை இல்லாத வாளுக்கு நேரே நின்று காகிதம் இல்லாமல் பேசினார். எச்சில் தெறித்தது. இரண்டு பேரும் அதைத் துடைக்கவில்லை.

கென்சாகு சம்மட்டியை இறக்காமல் நின்றான். பிறகு அடித்தான். வாள் இரண்டாகி ஒரு துண்டு மண் தரையில் போய் விழுந்தது. அவன் அதைப் பொறுக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனான். முறிந்த இடத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"வெள்ள" என்றான்.

தொகுஜி தலையைக் குனிந்துகொண்டார்.

"கறுப்பே இல்ல மாமா. பாருங்க. ஒரு பொட்டு கறுப்பில்ல." துண்டை அவர் பக்கம் நீட்டினான். "அப்போ என் தீ சரிதான். என் தீ சரியாத்தான் இருந்திருக்கு!" அந்த இரும்புத் துண்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவன் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தான். தொகுஜி ஓர் அறையை எதிர்பார்த்து நின்றிருந்தார். அறைந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

சிரிப்பு நின்ற பிறகு கென்சாகு திரும்பினான்.

"எப்போ நெம்பினீங்க?"

"ஒம்பதாந் தேதி."

"இருவத்தி ரெண்டு நாள்" என்றான். "அதுல பதிமூணு நாளா, செத்துப்போன எங்க அப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இருந்தேன் மாமா."



கென்சாகு கடைசிப் பலகையையும் அடைத்தான். பட்டறை இருண்டது. உலைக்கு முன்னால் துருத்திப் பக்கம் ஒரு பழைய மரப்பெட்டியைக் காலால் தள்ளினான்.

"உக்காருங்க. துருத்தி இழுங்க. நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

தொகுஜி உட்கார்ந்தார். இழுத்தார். மண் பூசிய வாள் கரிக்குள் போனது. கறுப்பிலிருந்து கருஞ்சிவப்பு, கருஞ்சிவப்பிலிருந்து சிவப்பு. முதுகில் வியர்வை ஊர்ந்தது, பெட்டியின் ஆணி தொடையில் குத்தியது, மூக்கு நுனி அரித்தது. அசையவில்லை. பழைய நிறம் வந்தது, அந்தப் பயந்த நிறம். கென்சாகு வாளை வெளியே எடுக்கவில்லை.

"இன்னும்" என்றான்.

தொகுஜி இழுத்தார். பழுத்த பெர்சிமன் நிறம் வந்தது.

வாள் தண்ணீருக்குள் இறங்கியது. ஆவி எழுந்து முகத்தில் அடித்தது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தார்கள். வெடித்தால் இப்போதுதான் சத்தம் கேட்கும். தண்ணீர் கொதித்துப் பொருமி மெல்ல அடங்கியது. ஒரு சத்தமும் இல்லை.

கென்சாகு வாளை எடுத்து ஒரு பலகையைத் திறந்து, முதுகுப் பக்கமாகத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"ஒரு மயிரிழை வளஞ்சிருக்கு" என்றான். "நான் பாத்துக்கறேன். நீங்க தொடாதீங்க."

"தொடல மாப்ள" என்றார் தொகுஜி. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தார். மத்தியானம் சோற்று உருண்டையோடு ஏறி வந்த கினுயோ, அவர் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். எழுந்திருக்கலாம் என்று கென்சாகு இன்னும் சொல்லவில்லை.